பழைய வி8, குறைந்த காசு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

1964-இல் பான்டியாக் ஜி.டி.ஓ. 389 கன அங்குல இன்ஜினோடு வந்ததிலிருந்து 70-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் உருவான மசில் கார்களை, அதாவது பெரிய எட்டு சிலிண்டர் (வி8) இன்ஜின் வைத்த வேகக் கார்களைப் பற்றித்தான் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை. அவற்றிலும் பாதிக்கு மேல் செவ்ரோலேயின் 350 கன அங்குல இன்ஜின். அதனால் வேறாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் அளவுகள் அந்த இன்ஜினுக்கு உரியவை. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத்காரர்கள் போலவே ‘தௌ’ என்று குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: 1970 மாடல் கார், 350 இன்ஜின். நீலப் புகை வருகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். போதுமா?

புகை எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து பிறகு அடங்கினாலோ, இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போது மட்டும் வந்தாலோ, குற்றவாளி பெரும்பாலும் வால்வ் சீல்தான். இந்த இன்ஜினில் அது வால்வ் தண்டின் மேல்முனையில் உட்காரும் ஒரு சின்ன ரப்பர் வளையம். பல வருடச் சூட்டில் பிளாஸ்டிக் போல இறுகி உடைந்துவிடும். பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வ் கீழே விழாமல் பிடித்துக்கொண்டால், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றாமலே பதினாறையும் மாற்றலாம். இதற்காக இன்ஜினை இறக்கியவர்கள் நிறைய பேர்.

மிதிக்கும்போதெல்லாம் தொடர்ந்து புகை வந்தால் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காட்டும் அழுத்தம், பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எட்டு பிளக்கும் வெளியே, இக்னிஷன் துண்டிப்பு, கார்புரேட்டர் முழுக்கத் திறப்பு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து சுற்று. மிகக் குறைந்த சிலிண்டர், மிக உயர்ந்ததில் 75 சதவீதமாவது காட்ட வேண்டும். குறைந்ததில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைவாக இருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

ரிங்தான் என்று முடிவானால் ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரை இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: மேலே ரிங் ஓடி விளிம்பு விழுந்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஒன்று, அடியில் தேயாத பகுதியில் இன்னொன்று. இரண்டுக்கும் வித்தியாசம் 3 தௌவுக்குள் என்றால் ஹோன் போட்டு, அதாவது சுவரைக் கல்லால் தேய்த்து, ரிங் மாற்றலாம். 5 தௌவைத் தாண்டினால் சிலிண்டரைப் பெரிதாகக் குடையும் போரிங்தான்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதைப்போல 3.14 மடங்கு ரிங்கின் வாய் திறக்கும். 8 தௌ சரிவுள்ள சிலிண்டரின் அடியில் 16 தௌ இடைவெளி வைத்த ரிங், மேலே போகும்போது 41 தௌ வாய் பிளக்கிறது. அந்த வழியாகத்தான் வாயு கீழே இறங்கும். ஒவ்வொரு அடிக்கும் ரிங் விரிந்து சுருங்கி, சில மாதங்களிலேயே அதன் இழுவிசையும் போய்விடும். ரிங்குக்கும் கேஸ்கெட்டுக்கும் கொடுத்த காசு மொத்தமும் தண்டம்.

பிஸ்டனை மேல்பக்கமாகத் தட்டி எடுப்பதற்கு முன் அந்த விளிம்பை ரிட்ஜ் ரீமர் கொண்டு சீவிவிடுங்கள். சீவாமல் தட்டினால் ரிங் அதில் மோதிப் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடையும். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் ராட்டின் போல்ட்டுகள் மேல் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டுங்கள், கிராங்கில் கீறல் விழாது. ராட்டும் அதன் மூடியும் ஒரு ஜோடி. எண் குத்தாமல் கழற்ற வேண்டாம்.

கேள்வி: லேத் பட்டறையில் என்னென்ன வேலை கேட்க வேண்டும்? எதைத் தவிர்த்தால் செலவு குறையும்?

வரிசைதான் முக்கியம். பிளாக்கையும் ஹெட்டையும் கழுவி விரிசல் பார்ப்பது முதல் வேலை. போரிங் முடித்த பிறகு விரிசல் தெரிந்தால் அந்தக் காசு திரும்பாது. தண்ணீர் உறைந்து வெடித்த விரிசல் பிளாக்கின் பக்கவாட்டிலும் லிஃப்டர் (கேம் தண்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் பள்ளத்திலும் இருக்கும். ஹெட்டில் வால்வ் சீட்டுகளுக்கு நடுவே தேடச் சொல்லுங்கள்.

அடுத்து, பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போரிங். பட்டறைக்காரர் அந்தப் பிஸ்டன்களை அளந்து, அவற்றுக்குத் தகுந்த இடைவெளி விட்டுச் சிலிண்டரை முடிக்க வேண்டும். 4.000 அங்குலத்தை 4.030 ஆக்குவது வழக்கம், இன்ஜின் 355 கன அங்குலமாகும். 60 தௌ வரை போக வேண்டிய நிலை என்றால் சுவரின் தடிமனைச் சோனிக் கருவியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கிராங்க் ஜர்னல், அதாவது பேரிங்குக்குள் சுழலும் பகுதி, அளவுக்குள் இருந்தால் பாலிஷ் போதும். கீறல் நகத்தில் தட்டுப்பட்டால் 10 தௌ அண்டர்சைஸ் கிரைண்டிங். ராட்டுகளுக்குப் புது போல்ட் போட்ட பிறகுதான் கிராங்கைப் பிடிக்கும் பெரிய கண்ணை ரீசைஸ் செய்ய வேண்டும். போல்ட்டை அழுத்தி ஏற்றும்போதே கண்ணின் வட்டம் கெடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. கேம் பேரிங்கையும் பட்டறையிலேயே ஏற்றச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கருவி வேண்டும், எண்ணெய்த் துளை கொஞ்சம் விலகினாலும் பேரிங் வறண்டுபோகும்.

தவிர்க்கக்கூடியவை இவை. கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்குகளின் மூடிகள் அதே பிளாக்கினுடையவையாக இருந்து, கிராங்க் தடையில்லாமல் சுற்றினால், அந்தத் துளைகளை ஒரே கோட்டில் குடையும் லைன் போரிங் தேவையில்லை. பழைய எடையிலேயே பிஸ்டன் போட்டு நிமிடத்துக்கு 5,500 சுற்றுக்குள் ஓட்டுபவர் பேலன்சிங்கைத் தள்ளிப்போடலாம். கழற்றுவது, சுரண்டுவது, ரிங் இடைவெளி ராவுவது, கோப்பது எல்லாம் உங்கள் கையாலேயே நடக்கும். பட்டறை பில்லில் கணிசமான பகுதி இந்த வேலைகளின் கூலிதான்.

டெக், அதாவது பிளாக்கில் ஹெட் உட்காரும் பரப்பு, சீவுவது பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. பிளாக்கின் முன்பக்கம், வலது ஹெட்டுக்கு முன்னால் துருத்தி நிற்கும் சின்ன மேடையில் இன்ஜின் எண் குத்தியிருக்கும். அது டெக்கோடு ஒரே மட்டத்தில் இருப்பதால், சீவும்போது எண்ணும் சேர்ந்து போய்விடும். காரோடு பிறந்த இன்ஜின் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. அது அழிந்தால் காரின் மதிப்பில் விழும் ஓட்டை மொத்த ரீபில்ட் செலவைவிடப் பெரியதாக இருக்கலாம். சீவித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த மேடையைத் தொடாமல் விட முடியுமா என்று முன்கூட்டியே பேசி, எழுத்திலும் வாங்குங்கள். உங்கள் கார் அப்படிப்பட்ட ஜோடி இல்லையென்றால் எதிர்த் திசையில் யோசியுங்கள்: மோசமான பிளாக்கைத் தேற்றுவதைவிட 70-களின் வேறொரு 350-ஐ வாங்கிப் பிரிப்பது மலிவாக முடியும். லட்சக்கணக்கில் வார்த்த பிளாக் அது.

கேள்வி: மலிவான ரீபில்ட் கிட் போட்டேன். எல்லாம் புதிது, ஆனால் இன்ஜினில் உயிரே இல்லை. முன்பைவிட மந்தமாக இருக்கிறது. ஏன்?

பிஸ்டனின் கம்ப்ரஷன் உயரத்தைப் பாருங்கள், அதாவது பின்னின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள அளவு. ஒரிஜினல் 1.560 அங்குலம். மலிவு கிட்டுகள் பலவற்றில் 1.540. பிளாக்கைச் சீவியிருந்தாலும் பிஸ்டன் மேலே முட்டக் கூடாது என்பதற்காக 20 தௌ குட்டையாகவே செய்கிறார்கள். சீவாத பிளாக்கில் அதைப் போடும்போதுதான் இன்ஜின் சோர்ந்துபோகிறது.

கூட்டிப் பாருங்கள். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48, அதில் பாதி 1.740. ராட் 5.700. ஒரிஜினல் பிஸ்டன் 1.560. மொத்தம் 9.000. கிராங்கின் நடுவிலிருந்து டெக் உயரம் 9.025. ஆக, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது டெக்குக்கு 25 தௌ கீழே இருக்கும். குட்டைப் பிஸ்டன் என்றால் 45 தௌ. அதன்மேல் 39 தௌ தடிமனுள்ள சாதாரண கேஸ்கெட் வைத்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் நடுவே 84 தௌ இடைவெளி. இந்த இடைவெளி 40 தௌவை ஒட்டி இருந்தால்தான் கலவை கடைசி நேரத்தில் நசுங்கிப் பிதுங்கி, கலங்கி, சீராக எரியும். 84-இல் அந்த வேலையே நடப்பதில்லை. கம்ப்ரஷன் குறைவு, ஆனாலும் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வரும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

76 சி.சி. அறையுள்ள ஹெட், 30 தௌ ஓவர்சைஸ், 6 சி.சி. வால்வ் பள்ளமுள்ள தட்டைப் பிஸ்டன் என்று வைத்துக்கொண்டால், குட்டைப் பிஸ்டனில் கம்ப்ரஷன் விகிதம் 8.3-க்கு 1. சரியான உயரப் பிஸ்டனில் 8.6. அதே பிஸ்டனோடு 15 தௌ ஸ்டீல் ஷிம் கேஸ்கெட் போட்டால் 9.0, இடைவெளியும் சரியாக 40 தௌவுக்கு வந்துவிடும். ஷிம் கேஸ்கெட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: டெக்கும் ஹெட்டும் இரண்டுமே தட்டையாக, சுத்தமாக இருக்க வேண்டும். அரித்த பரப்பில் அது தண்ணீரைப் பிடிக்காது.

இன்னொரு வழி ஹெட்டை மாற்றுவது. 1996 முதல் 2000 வரை செவ்ரோலே டிரக்குகளில் வந்த வோர்டெக் 350 ஹெட் 64 சி.சி. அறை கொண்டது. வார்ப்பு எண் 10239906 அல்லது 12558062. பழைய இரும்பு ஹெட்டுகளைவிடக் காற்றோட்டம் நன்றாகவே கூடுதல். சாதாரண கேஸ்கெட்டோடும் சரியான பிஸ்டனோடும் விகிதம் 9.7-ஐத் தொடும். ஆனால் ஹெட்டின் விலையை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். பழைய இன்டேக் மேனிஃபோல்ட் அதன் போல்ட் துளைகளில் பொருந்தாது. ராக்கர் வகை வேறு, வால்வ் கவர் நடுவில் போல்ட் மாட்டும் வகை. கேம் லிஃப்ட் (வால்வ் திறக்கும் உயரம்) 0.46 அங்குலத்துக்கு மேல் போனால் ஸ்பிரிங் ரீட்டெய்னர் வால்வ் கைடில் இடிக்கும். இவை எல்லாவற்றையும் கூட்டிய பிறகு வரும் தொகைதான் அந்த ஹெட்டின் உண்மையான விலை.

கேள்வி: பேரிங் இடைவெளியை அளக்க விலையுயர்ந்த மைக்ரோமீட்டர் இல்லாமல் வழி உண்டா? ரிங் இடைவெளி எவ்வளவு?

பிளாஸ்டிகேஜ் நூல் போதும். ஜர்னலும் பேரிங்கும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, ஒரு துண்டு நூலை ஜர்னலின் நீளவாக்கில் வைத்து, மூடியை முழு டார்க்கில் இறுக்கிக் கழற்றுங்கள். நூல் எவ்வளவு அகலம் நசுங்கியதோ அதை உறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிடலாம். நடுவில் கிராங்கை ஒரு துளி திருப்பினாலும் நூல் இழுபட்டுப் பொய் சொல்லும். மெயினுக்கும் ராடுக்கும் 2 முதல் 2.5 தௌ, அதாவது 0.0020 முதல் 0.0025 அங்குலம் இலக்கு. கிராங்க் முன்பின் ஆட்டம் 2 முதல் 6 தௌ. ஒரே ஜர்னலில் இரு முனைகளில் நூலின் அகலம் வேறுபட்டால் ஜர்னல் சரிவாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

இறுக்கம்: இரண்டு போல்ட் மெயின் மூடிக்கு 70 அடி-பவுண்டு, 3/8 அங்குல ராட் போல்ட்டுக்கு 45, ஹெட் போல்ட்டுக்கு 65, மூன்று படிகளாக. இந்த இன்ஜினில் ஹெட் போல்ட் துளைகள் தண்ணீர் ஓடும் அறைக்குள் திறக்கின்றன. புரிகளில் சீலண்ட் பூசாமல் மாட்டினால் கூலன்ட் புரி வழியாக மேலேறிக் கசியும். புது போல்ட் வாங்கினால் அந்தத் தாளில் போட்டிருக்கும் டார்க்கும் மசகும்தான் செல்லுபடி.

ரிங்குக்குச் சாதாரண விதி, விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 4 தௌ. 4.030 அங்குலச் சிலிண்டரில் மேலே உள்ள ரிங்குக்கு 16 தௌ, இரண்டாவதுக்கு 18 முதல் 20. பெட்டியில் ஹைப்பர்யூடெக்டிக் (சிலிக்கன் அதிகமுள்ள அலுமினியக் கலவை) என்று எழுதியிருந்தால் இந்த விதியை மறந்துவிட்டுத் தாளைப் படியுங்கள். அந்த வகைப் பிஸ்டன்களில் சிலவற்றில் மேல் ரிங் உச்சிக்கு அருகே இருப்பதால் அது அதிகமாகச் சூடாகி நீளும். 26 தௌ வரை கேட்கும் பிஸ்டன்கள் உண்டு. 16 வைத்தால் முனைகள் முட்டிச் சிக்கி, பிஸ்டனின் மேல் விளிம்பையே பிய்த்தெடுக்கும்.

கேள்வி: புது கேம், புது லிஃப்டர். 200 மைலில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. கழற்றினால் கேமின் ஒரு முனை வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. கேம் மட்டும் மாற்றலாமா?

கூடாது. தேய்ந்த இரும்புத் தூள் எண்ணெயோடு எல்லா பேரிங்கிலும் போய்ப் பதிந்திருக்கும். முழுக்கப் பிரித்து, எண்ணெய்த் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றிப் பிரஷ் விட்டுக் கழுவி, பேரிங்கும் மாற்றித்தான் தீர வேண்டும். சிக்கனத்தில் ரீபில்ட் செய்பவர்களை மிகவும் அடிப்பது இந்த ஒரு கோளாறுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறோம்.

ஃபிளாட் டேப்பட் கேம், அதாவது லிஃப்டரின் அடி நேராக உரசி ஓடும் வகை. அதன் முனை நேர்மட்டமாக இருக்காது, மெல்லிய சரிவு உண்டு. லிஃப்டரின் அடியும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குவிந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் லிஃப்டரை அதன் துளைக்குள் சுழல வைக்கின்றன. சுழலும்வரை பிழைக்கும், நின்றால் ஒரே இடத்தில் உரசி நிமிடங்களில் தேய்ந்துவிடும். கோக்கும்போதே ஒவ்வொரு லிஃப்டரும் தன் துளையில் விரலால் திருப்பினாலே தளர்வாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். கேம் புதிதென்றால் லிஃப்டரும் புதிது. பழைய கேமையே திரும்பப் போடுவதானால் ஒவ்வொரு லிஃப்டரும் பழைய இடத்துக்கே போக வேண்டும், அதனால் கழற்றும்போதே எண் போட்டு வையுங்கள்.

கேம் முனைகளுக்கும் லிஃப்டரின் அடிக்கும் மாலிப்டினம் பசை, பக்கங்களுக்கு வெறும் எண்ணெய். எண்ணெயில் ஜிங்க் சேர்மம் அதிகமுள்ள பிரேக்-இன் வகை வேண்டும். புதிய கார்களுக்கான எண்ணெய்களில் அது குறைத்து வருகிறது. இரட்டை வால்வ் ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு முதல் ஓட்டத்தை முடியுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, டிரில்லில் மாட்டிய பிரைமிங் தண்டால் எண்ணெய்ப் பம்ப்பைக் கடிகாரச் சுற்றில் சுழற்றுங்கள். எல்லா ராக்கரிலும் எண்ணெய் வரும்வரை உதவியாளர் கிராங்கை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் அங்கே எண்ணெய் வழியின் ஒரு சுவராக இருப்பதால், அந்த இடத்தை அடைக்கும் வளையமுள்ள தண்டுதான் உதவும். வெறும் கம்பியைச் சுழற்றினால் ஒரு பக்க லிஃப்டருக்கு எண்ணெய் போதிய அழுத்தத்தில் போகாது.

கார்புரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர், டைமிங் எல்லாம் தயாராக இருந்து, சாவி திருப்பியதும் பிடிக்க வேண்டும். பிடித்த உடனே 2,000 சுற்றுக்கு ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் நடுவே மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம். ஐட்லில் (மிதிக்காமல் மெதுவாக ஓடும் நிலையில்) விடவே கூடாது. கேம் முனைகளுக்கு எண்ணெய் கிராங்க் சிதறுவதிலிருந்துதான் கிடைக்கிறது, ஐட்லில் அந்தச் சிதறல் போதாது. கசிவு வந்தால் நிறுத்தி, சரிசெய்து, மீதி நிமிடங்களைத் தொடருங்கள். முடிந்ததும் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்.

கேள்வி: டைமிங் செயின் சக்கரங்களின் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்தேன், டிஸ்ட்ரிபியூட்டரை 1-ஆம் சிலிண்டருக்கு வைத்தேன். கார்புரேட்டர் வழியாகத் தீ கக்குகிறது.

கேம் புள்ளி கீழேயும் கிராங்க் புள்ளி மேலேயும் நேருக்கு நேர் இருக்கும்போது எரிய வேண்டியது 6-ஆம் சிலிண்டர். கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இரண்டு புள்ளியும் மேலே வந்த பிறகு 1-ஆம் சிலிண்டருக்கு வையுங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-8-4-3-6-5-7-2, ரோட்டர் கடிகாரச் சுற்று.

கேள்வி: ஃபோர்டு 302. நல்ல பட்டறையில் கிராங்க், பிஸ்டன் எல்லாம் மாற்றினேன். 2,000 சுற்றுக்கு மேல் கார் முழுக்க உதறுகிறது.

கிராங்க் எந்தக் காலத்தது? பழைய 302-க்கு வெளிப்புறச் சமநிலை அளவு 28 அவுன்ஸ்-அங்குலம், 80-களின் தொடக்கத்திலிருந்து வந்தவற்றுக்கு 50 அவுன்ஸ்-அங்குலம். புதிய கிராங்கோடு பழைய ஃபிளைவீல் (பின்முனையில் உள்ள கனச் சக்கரம்), அல்லது பழைய கிராங்கோடு புதிய டேம்பர் (முன்முனையில் அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) சேர்ந்திருக்கும். கிராங்க், டேம்பர், ஃபிளைவீல் மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். சரியாகும்வரை ஓட்ட வேண்டாம், மெயின் பேரிங்தான் அடிவாங்கும்.

கேள்வி: ஈயமில்லாத பெட்ரோலுக்கு எல்லா ஹெட்டிலும் கடினமான வால்வ் சீட் போட்டே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஈயம் இல்லாததால் தேய்வது எக்ஸாஸ்ட் சீட் மட்டும், அதுவும் நெடுந்தூரம் வேகமாகவோ பாரம் இழுத்தோ ஓடும்போது. வார இறுதிக் கார் என்றால் பழைய சீட்டையே சுத்தமாக வெட்டி ஓட்டுங்கள். சீட் ஏற்கெனவே உள்வாங்கியிருந்தால் எக்ஸாஸ்ட் எட்டுக்கும் போடலாம். மெல்லிய வார்ப்பில் குடையும்போது தண்ணீர் அறை வெளிப்படுவதும் உண்டு என்பதைப் பட்டறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது ரிங், புது போரிங். 1,000 மைல் ஆகியும் எண்ணெய் குடிப்பது நிற்கவில்லை.

ஹோன் செய்த சிலிண்டரை எதில் கழுவினீர்கள்? பெட்ரோலோ மண்ணெண்ணெயோ என்றால் காரணம் அங்கேயே இருக்கலாம். அவை எண்ணெயைக் கரைக்கும், ஹோன் கல்லின் தூளைப் பள்ளங்களிலேயே விட்டுவிடும். வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும்தான் தூளைக் கிளப்பும். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் சாம்பல் நிறம் வராதவரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும்.

கழுவியது சரி என்றால் இன்டேக் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஹெட்டையோ டெக்கையோ சீவிய பிறகு மேனிஃபோல்ட் உட்காரும் கோணம் மாறும். கேஸ்கெட்டின் அடி விளிம்பு இறுகாமல், லிஃப்டர் பள்ளத்திலிருந்து எண்ணெய்ப் புகையை இன்ஜின் உறிஞ்சும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் பி.சி.வி. குழாயையும் மற்ற மூச்சுத் துளைகளையும் அடைத்துவிட்டு, ஐட்லில் எண்ணெய் ஊற்றும் துளையில் உள்ளங்கையை வையுங்கள். காற்று வெளியே தள்ளாமல் கையை உள்ளே இழுத்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

கேள்வி: ஹை-வால்யூம் எண்ணெய்ப் பம்ப் போடலாமா?

இடைவெளிகளை அளவாக வைத்த தெரு இன்ஜினுக்குச் சாதாரண பம்ப் போதும். 1,000 சுற்றுக்கு 10 பவுண்டு அழுத்தம் இருந்தால் கவலையில்லை. அந்தக் காசுக்கு ஸ்டீல் காலர் உள்ள பம்ப் தண்டு வாங்குங்கள், பழையதில் இருப்பது நைலான். எண்ணெய் தேங்கும் சம்ப்பின் அடிக்கும் உறிஞ்சு குழாய்க்கும் நடுவே 3/8 அங்குலம் விட்டு, குழாயைப் பம்ப்போடு ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிடுங்கள். வெல்டிங்குக்கு முன் பம்ப்பின் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள், சூட்டில் அது தளர்ந்துவிடும். கடைசி மெயின் மூடியை மாட்டுமுன் அதன் அடியில் ஒரு சின்ன அடைப்பான் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கழுவுவதற்காகக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட மறப்பது சகஜம். அது இல்லாவிட்டாலும் அழுத்தமானி நன்றாகவே காட்டும், ஆனால் எண்ணெய் ஃபில்டருக்குள் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கும்.